அபாயச் செய்தி யார் மேசைக்குப் போக வேண்டும்?



பலதுறை மருந்தகத்திற்குச் சென்று அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள். சில நொடிகளில் உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, சென்ற முறை வாங்கிய மருந்து எல்லாம் தாதியின் திரையில் வந்துவிடுகின்றன. இவை அனைத்தும் ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. அதை வடிவமைத்தவர்கள் பொறியாளர்கள். அன்றாடம் பராமரிப்பவர்கள் கணினி நிர்வாகிகள். ஆனால், அந்தத் தகவல்கள் திருடுபோனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கணினித் துறை என்றதும் நிரல் எழுதுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அரசாங்கத்தின் கணினிக் கட்டமைப்பில் அதைப் போலவே முக்கியமான இன்னொரு வேலை உண்டு. அது முடிவெடுக்கும் வேலை. அதற்கென்று இருக்கும் உயர் பதவிகளைப் பற்றியும், அவை சரியாக இயங்காதபோது என்ன நடக்கும் என்பதைப் பற்றியும் இந்த வாரம் படிப்போம்.

மூன்று பதவிகள்

முதலாவது, தலைமைத் தகவல் அதிகாரி. ஓர் அமைப்புக்கு எந்தெந்தக் கணினி முறைகள் தேவை, அவற்றுக்கு எவ்வளவு செலவிடலாம், எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பவர் இவர். மருத்துவமனையாக இருந்தால், மருத்துவருக்கு வேண்டிய தகவல் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறதா என்பதே இவருடைய கவலை.

இரண்டாவது, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. தேவை என்று முடிவான ஒன்றை எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, எப்படிக் கட்டுவது என்று பார்ப்பவர்.

மூன்றாவது, தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி. கட்டியதில் எங்கே ஓட்டை இருக்கிறது, யார் உள்ளே நுழையக்கூடும், நுழைந்தால் என்ன செய்வது என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர்.

இவர்களுக்கிடையே கருத்து வேறுபாடு வருவது இயல்பு. சேவை விரைவாகவும் வசதியாகவும் இருக்க வேண்டும் என்பார் ஒருவர். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போவோம் என்பார் இன்னொருவர். இரண்டு குரலும் சம வலிமையோடு ஒலித்தால்தான் நல்ல முடிவு பிறக்கும்.

சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் தேசிய அமைப்பு 2015 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. அரசாங்கத்தின் மின்னிலக்கச் சேவைகளை உருவாக்கும் ‘கவ்டெக்’ அமைப்பு 2016 அக்டோபரில் வந்தது. ஆக, 2018ஆம் ஆண்டில் நம்மிடம் அமைப்புகளும் இருந்தன, பதவிகளும் இருந்தன. அப்படியிருந்தும் சிங்ஹெல்த் தாக்குதல் நடந்தது.

2018இல் நடந்தது என்ன?

2018 ஜூலை 20ஆம் தேதி அரசாங்கம் ஓர் அதிர்ச்சிச் செய்தியை அறிவித்தது. சிங்ஹெல்த் குழுமத்தின் மருத்துவமனைகளுக்கும் பலதுறை மருந்தகங்களுக்கும் சென்ற சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி உள்ளிட்ட விவரங்கள் திருடப்பட்டிருந்தன. அவர்களில் ஏறக்குறைய 160,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரங்களும் போயின. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங்கின் விவரங்களைத் தாக்குதல்காரர்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள்.

சிங்ஹெல்த்தின் கணினிப் பணிகளை அப்போது ‘ஐஎச்ஐஎஸ்’ என்ற நிறுவனம் கவனித்துவந்தது. பொது மருத்துவத் துறை முழுவதற்குமான தொழில்நுட்ப நிறுவனம் அது. இன்று அதன் பெயர் ‘சினாப்ஸ்’.

நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகப் பாருங்கள்.

2017 ஆகஸ்ட்: சிங்ஹெல்த்தின் கணினி ஒன்றில் தாக்குதல்காரர்களின் தீநிரல் நுழைகிறது.

2018 ஜூன் 11 முதல்: தரவுத்தளத்திற்குள் நுழைய யாரோ முயன்று தோற்பதை ஊழியர்கள் கவனிக்கிறார்கள். அடுத்த சில நாள்களிலும் அதே போன்ற முயற்சிகள்.

ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை: தகவல்கள் வெளியே கொண்டுசெல்லப்படுகின்றன.

ஜூலை 4: தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதை ஓர் ஊழியர் கண்டுபிடித்துத் தடுக்கிறார். திருட்டு நிற்கிறது.

ஜூலை 9: ஐஎச்ஐஎஸ் நிறுவனத்தின் உயர் நிர்வாகத்திற்குச் செய்தி போகிறது.

ஜூலை 10: சுகாதார அமைச்சுக்கும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் தெரிவிக்கப்படுகிறது.

ஜூன் 11க்கும் ஜூலை 9க்கும் இடையே எத்தனை நாள்? கணக்கிட்டுப் பாருங்கள். 28 நாள்கள். நான்கு வாரம்!

கையும் மூளையும்

அறிவியல் பாடத்தில் நரம்பு மண்டலத்தைப் படித்திருப்பீர்கள். சூடான சட்டியில் விரல் பட்டால், தோலில் உள்ள உணர்வேற்பிகள் அதை உணர்கின்றன. நரம்பு வழியாகச் செய்தி தண்டுவடத்திற்குப் போகிறது. மூளைக்காகக் காத்திராமல் தண்டுவடமே தசைக்குக் கட்டளையிட, கை சட்டென்று பின்வாங்குகிறது. இதுதான் அனிச்சைச் செயல். அதே நேரத்தில் செய்தி மூளைக்கும் போவதால்தான் நமக்கு வலி தெரிகிறது. அடுப்பை அணைப்பதா, மருந்து போடுவதா, மற்றவர்களை எச்சரிப்பதா என்று மூளை முடிவெடுக்கிறது.

ஜூலை 4ஆம் தேதி அந்த ஊழியர் செய்தது அனிச்சைச் செயலைப் போன்றது. கை பின்வாங்கிவிட்டது. ஆனால், மூளைக்குச் செய்தி போய்ச் சேர ஐந்து நாள் ஆனது.

ஏன் இந்தத் தாமதம்? முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி திரு ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு இதை ஆராய்ந்து, 2019 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் பொறுப்பில் இருந்த நிர்வாகி, தாக்குதல் என்று உறுதியான பிறகே மேலே சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தார். சொல்லிவிட்டால் பதில் கேட்டு மேலிடத்திலிருந்து நெருக்குதல் வரும் என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. சிங்ஹெல்த் குழுமத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியோ, மேலே சொல்வது அந்த நிர்வாகியின் வேலை என்று இருந்துவிட்டார்.

நரம்புக்குப் பயம் கிடையாது. மனிதர்களுக்கு உண்டு. நம் ஒப்புமை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. கணினி எச்சரித்தாலும், அதைப் பார்த்தவர் தயங்காமல் மேலே சொல்லும் சூழல் இருக்க வேண்டும். அந்தச் சூழலை உருவாக்குவது உயர் பதவியில் இருப்பவர்களின் முதல் கடமை.

தாக்குதல்காரர்கள் மிகுந்த திறமைசாலிகள் என்பதை விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. ஆனாலும், அவர்கள் வெற்றி பெற்றது தவிர்க்க முடியாத ஒன்றல்ல என்றும் சொன்னது. முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அதன் முக்கியக் கண்டறிதல்களுள் ஒன்று.

பொறுப்பு என்றால் என்ன?

நிறுவனம் இருவரைப் பணிநீக்கம் செய்தது. குழுமத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி பதவியிறக்கம் செய்யப்பட்டார். தலைமை நிர்வாகி உட்பட உயர் நிர்வாகத்தில் ஐவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. விழிப்போடு செயல்பட்ட மூன்று ஊழியர்கள் பாராட்டப்பட்டனர். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

அந்த ஐந்து உயர் நிர்வாகிகளைக் கவனியுங்கள். எச்சரிக்கையைத் திரையில் நேரில் பார்த்தவர்கள் அவர்கள் அல்லர். இருந்தும் தலைமைப் பொறுப்பு அவர்களுடையது என்பதால் அபராதமும் அவர்களைச் சேர்ந்தது.

தண்டனையைவிட முக்கியமானது, அதன்பின் செய்யப்பட்ட ஒரு மாற்றம். அதுவரை சுகாதார அமைச்சின் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரே, ஐஎச்ஐஎஸ் நிறுவனத்திலும் இணையப் பாதுகாப்புப் பிரிவின் இயக்குநராக இருந்தார். தேர்வு எழுதுபவரே விடைத்தாளையும் திருத்துவது போன்ற நிலை அது. தனிமனிதர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் அந்த அமைப்புமுறை பலவீனமானது. அந்த இரண்டு பதவிகளும் பிரிக்கப்படும் என்றும், அமைச்சின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தனி அலுவலகம் இருக்கும் என்றும், அவர் நேரடியாக நிரந்தரச் செயலாளரிடம் தகவல் தெரிவிப்பார் என்றும் அமைச்சு அறிவித்தது. அபாயச் செய்தி போக வேண்டிய பாதை இப்படிச் சுருக்கப்பட்டது.

2018 ஆகஸ்ட் 31ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டமும் இதே நோக்கம் கொண்டது. மின்சாரம், தண்ணீர், மருத்துவம் போன்ற இன்றியமையாச் சேவைகளின் முக்கியக் கணினி முறைகளை வைத்திருப்பவர்கள், தாக்குதல் நடந்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

உங்களில் சிலர் நாளை இந்தப் பதவிகளுக்கு வரக்கூடும். கணிதமும் கணினி அறிவியலும் அதற்கு அடித்தளம். அவற்றோடு, சிக்கலான விஷயத்தைத் தெரியாதவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லப் பழகுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் எரிந்து விழாமல் முழுவதையும் கேட்கவும் பழகுங்கள். குழுப்பணியில் ஒரு நண்பர், “நாம் எடுத்த அளவுகளில் ஏதோ தவறு இருப்பது போலத் தெரிகிறது” என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்போதே இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. தகவல்கள் ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை திருடப்பட்டன. ஜூன் 11ஆம் தேதியே உயர் நிர்வாகத்திற்குச் செய்தி போயிருந்தால், திருட்டு தொடங்குவதற்கு முன் எத்தனை நாள் அவகாசம் கிடைத்திருக்கும்?

2. தாக்குதலுக்குப் பின் பொது மருத்துவமனைகளின் வேலைக் கணினிகளில் இணைய உலாவல் துண்டிக்கப்பட்டது. இது குறித்துத் தலைமைத் தகவல் அதிகாரியும் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியும் எப்படி வாதிட்டிருப்பார்கள்? இருவர் சேர்ந்து உரையாடலாக எழுதுங்கள்.

3. பள்ளிக் கணினி ஒன்றில் உங்கள் மறைச்சொல்லை வேறு யாரோ பயன்படுத்தியதாகச் சந்தேகம் எழுகிறது. முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அவர் அடுத்து யாரிடம் சொல்ல வேண்டும்? அந்தப் பாதையை வரைந்து பாருங்கள். இடையில் யாருக்குமே பொறுப்பில்லாத இடம் ஏதேனும் தென்பட்டால், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.