பறக்கும் தட்டு: ஓர் உவமை செய்தியான வரலாறு

நுழையும் முன்

வானில் ஏதோ ஒன்று ஒளிர்கிறது. அது இன்னதென்று தெரியவில்லை. கண்டவர் அதைப் பிறரிடம் சொல்கிறார். கேட்டவர் செய்தியாக எழுதுகிறார். ஆயிரம் பேர் அதைப் படிக்கின்றனர். கண்டது, சொன்னது, எழுதியது, புரிந்துகொண்டது ஆகிய நான்கும் ஒன்றாகவே இருக்குமா? ஒரு சிறிய உவமை உலகம் முழுவதும் பரவிய வரலாற்றின் வழியாக இவ்வினாவை ஆராய்வோம்.

ஒன்பது பொருள்கள்

அமெரிக்க நாட்டின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் என்னும் பனி மூடிய எரிமலை உள்ளது. 1947-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பிற்பகலில் கென்னத் ஆர்னால்டு என்பவர் தம் சிறிய வானூர்தியில் அம்மலைக்கு அருகே பறந்துகொண்டிருந்தார். அவர் தீயணைப்புக் கருவிகளை விற்கும் வணிகர்; பயிற்சி மிக்க வானோடி. அப்பகுதியில் காணாமற்போன படை வானூர்தி ஒன்றைத் தேடும் நோக்கத்துடன் அவ்வழியே சென்றார்.

அப்போது பளீரென ஓர் ஒளி தெரிந்தது. ஒன்பது பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடரை ஒட்டி விரைந்து செல்வதை அவர் கண்டார். அவை ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலைக்குச் செல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டார். அது 1 நிமிடம் 42 நொடி. இரு மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 76 கிலோமீட்டர் தொலைவு உண்டு. இக்கணக்கின்படி அப்பொருள்கள் ஒலியைவிட இரு மடங்குக்கும் மேலான விரைவில் சென்றிருக்க வேண்டும். ஆனால், மனிதர் ஓட்டிய வானூர்தி ஒலியின் விரைவைக் கடந்ததாக உறுதி செய்யப்பட்ட முதல் நிகழ்வு அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள்தான் நடந்தது. ஆகவே, ஆர்னால்டு வியப்புற்றதில் வியப்பில்லை.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நேரத்தைக் கடிகாரம் சொன்னது. தொலைவையோ ஆர்னால்டின் கண்கள் சொல்லின. அறிந்த பொருளாயின் அதன் அளவைக் கொண்டு தொலைவை ஓரளவு கணிக்கலாம். இன்னதென்று தெரியாத பொருளின் தொலைவைக் கண்ணால் மட்டும் அளப்பது எளிதன்று. பொருள்கள் அவர் எண்ணியதைவிட அருகில் இருந்திருந்தால், அவற்றின் விரைவும் குறைந்துவிடும்.

சிறுதட்டு உவமை

மறுநாள் ஆர்னால்டு ஓரிகன் மாநிலத்திலுள்ள பெண்டில்டன் நகரில் 'ஈஸ்ட் ஒரிகோனியன்' என்னும் நாளிதழின் அலுவலகத்துக்குச் சென்று தாம் கண்டதைக் கூறினார். அங்கிருந்து செய்தி நிறுவனத்தின் வழியாக அச்செய்தி நாடெங்கும் சென்றது. சில நாள்களுக்குள் நாளிதழ்கள் அப்பொருள்களுக்குப் 'பறக்கும் சாசர்' எனப் பெயர் சூட்டின. சாசர் என்பது தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறுதட்டு.

1950-ஆம் ஆண்டு வானொலிச் செய்தியாளர் எட்வர்டு மர்ரோவிடம் பேசியபோது ஆர்னால்டு ஒரு விளக்கம் தந்தார். சிறுதட்டு ஒன்றை நீரின்மேல் வீசினால் அது எவ்வாறு தத்திச் செல்லுமோ, அவ்வாறு அப்பொருள்கள் சென்றன என்பதே தாம் சொன்னது என்றும், இதழ்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டன என்றும் கூறினார். குளக்கரையில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசி விளையாடியவர்களுக்கு இந்த இயக்கம் நன்கு விளங்கும். நீரைத் தொடுவதும் எழுவதுமாக அச்சில்லு தத்தித் தத்திச் செல்லும். ஆர்னால்டு வான்படைக்கு வரைந்து அளித்த படத்திலும் அப்பொருள் முழு வட்டமாக இல்லை. அதன் முன்புறம் வளைந்தும் பின்புறம் கூம்பியும் இருந்தது.

உவமை இடம் மாறியது

தொல்காப்பியம் உவமைக்கென்றே தனி இயல் வகுத்த நூல். உவமை தோன்றும் வகைகளை அந்நூல் நான்காகப் பகுக்கிறது.

1. வினையுவமை: செயலை ஒப்பிடுவது. புலி போலப் பாய்ந்தான்.
2. பயனுவமை: விளையும் பயனை ஒப்பிடுவது. மழை போன்ற வள்ளன்மை.
3. மெய்யுவமை: வடிவத்தை ஒப்பிடுவது. வில் போன்ற புருவம்.
4. உருவுவமை: நிறத்தை ஒப்பிடுவது. பவளம் போன்ற இதழ்.

புலி போலப் பாய்ந்தவனுக்கு வாலும் வரியும் உண்டா என்று நாம் கேட்பதில்லை. அங்கு ஒப்புமை பாய்ச்சலுக்கு மட்டுமே உரியது. ஆர்னால்டு தம் விளக்கத்தில் கூறியதும் இத்தகைய வினையுவமையே. செய்தித்தாள்களோ அதை மெய்யுவமையாகக் கொண்டன. இயக்கத்தைக் குறித்த சொல் வடிவத்தைக் குறிக்கும் பெயராயிற்று.

அப்பெயர் மொழி கடந்தும் சென்றது. தமிழில் நாம் 'பறக்கும் தட்டு' என்கிறோம். இந்தியில் 'உடன் தஷ்தரீ' என்பர். கன்னடத்தில் 'ஹாருவ தட்டே' என்றும் மலையாளத்தில் 'பறக்கும் தளிக' என்றும் வழங்குவர். இவை எல்லாவற்றிலும் தட்டு இருக்கிறது; தத்துதல் இல்லை.

படித்தவர்கள் கண்டவை

அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வானில் விந்தைப் பொருள்களைக் கண்டதாகத் தெரிவித்தனர். அவர்களுள் பலர் கண்டதாகச் சொன்னது வட்டத் தட்டுகளையே. ஆர்னால்டு வரைந்தது ஒரு வடிவம். மக்கள் கண்டது செய்தித்தாள் சொன்ன வடிவம்! இவர்கள் எல்லாரும் பொய்யுரைத்தனர் என்று கொள்ளலாகாது. தெளிவற்ற ஒன்றைக் காணும்போது, முன்னரே அறிந்த ஒரு பெயரைக் கொண்டு மனம் அதை நிறைவு செய்துகொள்கிறது. மங்கிய ஒளியில் கயிற்றைப் பாம்பென மயங்குபவர் பொய்யர் அல்லர். அவர் பாம்பைப் பற்றி முன்பே அறிந்தவர்.

ரோஸ்வெல் தலைப்புச் செய்தி

அதே ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ரோஸ்வெல் நகர நாளிதழ், வான்படைத் தளத்தினர் பறக்கும் தட்டு ஒன்றைக் கைப்பற்றினர் என்று தலைப்பிட்டு எழுதியது. மேய்ச்சல் நிலம் ஒன்றில் கிடந்த சிதைவுகளைப் பற்றி அத்தளமே வெளியிட்ட அறிக்கைதான் இச்செய்திக்கு அடிப்படை. விரைவிலேயே உயர் அதிகாரிகள் அது வானிலை ஆய்வுப் பலூன் என்றனர். மறுநாள் இதழ்களில் மறுப்பு வெளிவந்தது; ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நிகழ்வை எவரும் பெரிதாகப் பேசவில்லை.

1970-களின் இறுதியில் அச்செய்தி மீண்டும் உயிர்பெற்றது. நூல்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் வேற்றுலகக் கலம் ஒன்று அங்கு விழுந்ததாகக் கூறின. 1994-இல் அமெரிக்க வான்படை ஓர் அறிக்கை வெளியிட்டது. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியலைகளைத் தொலைவிலிருந்தே கண்டறிய, 'மோகல்' என்னும் மறைமுகத் திட்டத்தின் கீழ் உயரே அனுப்பப்பட்ட பலூன் தொகுதியின் சிதைவுகளாகவே அவை இருக்கக்கூடும் என அவ்வறிக்கை விளக்கியது. 1947-இல் சொல்லப்பட்ட விளக்கமும் முழு உண்மை அன்று என்பது இதனால் தெரிகிறது. உண்மையின் ஒரு பகுதி மறைக்கப்பட்டால், அவ்விடத்தை ஐயமும் கற்பனையும் நிரப்பிவிடுகின்றன.

ஆர்வலர்களும் ஆய்வாளர்களும்

செய்திகள் பெருகியதால், அவற்றைத் தொகுத்து ஆராயும் ஆர்வலர் சங்கங்கள் 1950-களில் தோன்றின. அமெரிக்க வான்படையும் 'நீல ஏடு' எனப் பொருள்படும் திட்டம் ஒன்றை நடத்தியது. 1947 முதல் 1969 வரை பதிவான 12,618 காட்சிகளில் 701 மட்டுமே விளக்கம் பெறாமல் நின்றன. ஏனையவை விண்மீன்கள், கோள்கள், பலூன்கள், வானூர்திகள் முதலியனவாக அறியப்பட்டன.

அத்திட்டத்தின் அறிவியல் ஆலோசகர் ஆலன் ஹைனெக் என்னும் வானியலறிஞர். 1966-இல் மிச்சிகன் மாநிலத்தில் காணப்பட்ட சில ஒளிகள் சதுப்பு நில வாயுவால் உண்டாகியிருக்கலாம் என்று அவர் கூறினார். இதழ்கள் 'சதுப்பு வாயு' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கேலிச் சித்திரங்கள் வெளியிட்டன. கண்டவர்கள் தாங்கள் இகழப்பட்டதாக வருந்தினர். செய்தியை மிகைப்படுத்துவது போலவே எள்ளி நகையாடுவதும் உண்மைக்குத் தடையாகும். ஹைனெக் பின்னர் 1973-இல் தாமே ஓர் ஆய்வு நடுவம் நிறுவினார். அந்நடுவத்தின் ஆய்வாளர் ஆலன் ஹெண்ட்ரி 1,300-க்கும் மேற்பட்ட காட்சிகளைத் தனித்தனியே ஆராய்ந்து 1979-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை விண்மீன்களும் வானூர்திகளும் போன்ற அறிந்த பொருள்களே என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் விரும்பிய விடை கிடைக்காதபோதும் கண்டதைக் கண்டவாறே எழுதுபவரே நல்ல ஆர்வலர்.

லடாக் வானில்

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. லடாக்கில் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பாங்காங் ஏரி உள்ளது. அப்பகுதியில் காவல் புரிந்த படைவீரர்கள் வானில் ஒளிரும் பொருள்களைப் பல மாதங்களாகக் கண்டு பதிவு செய்தனர். அவை உளவு பார்க்கும் ஆளில்லா வானூர்திகளோ என்ற ஐயம் எழுந்தது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள் ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் ஆகிய கோள்களே என்று கண்டறிந்தனர். 2013-இல் இச்செய்தி வெளியாயிற்று. உயர்ந்த மலைப்பகுதியில் காற்று மெல்லியது. ஆதலால் கோள்கள் மிகுந்த ஒளியுடன் தோன்றும். எல்லை காப்போர் ஐயுற்றது அவர்தம் கடமை. அவ்வையத்தை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்தது அறிவுடைமை.

அறியாததும் அயலுலகத்ததும்

'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்னும் தொடரை நன்கு நோக்குக. அது நம் அறிவின் நிலையைச் சொல்கிறதே அன்றி, அப்பொருளின் பிறப்பிடத்தைச் சொல்லவில்லை. 'தெரியவில்லை' என்பதிலிருந்து 'வேற்றுலகத்திலிருந்து வந்தது' என்ற முடிவுக்குச் செல்ல, இடையே சான்று வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அமைத்த குழு 2023-இல் அளித்த அறிக்கையும், இக்காட்சிகள் வேற்றுலகத்தைச் சார்ந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறியது. அதே வேளையில், காண்போர் அஞ்சாது தெரிவிக்கவும், செம்மையான தரவுகள் திரட்டப்படவும் வேண்டும் என அது பரிந்துரைத்தது.

எனவே, வியப்பான செய்தி ஒன்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுவோம். கண்டவர் தம் வாயால் சொன்னது எது? அதற்கு எழுதியவர் சேர்த்தது எது? இன்னும் அறியப்படாதது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுபவர் செய்தியை நம்பி ஏமாறவும் மாட்டார். கண்டவரை எள்ளி நகைக்கவும் மாட்டார்.

தெரிந்துகொள்வோம்

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூரு. தமிழ்நாட்டில் கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகமும், காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகமும், லடாக்கின் ஹான்லேயில் உள்ள வானாய்வகமும் இந்நிறுவனத்தைச் சார்ந்தவை.

சொல்லும் பொருளும்

வானோடி – வானூர்தியை ஓட்டுபவர்
தத்துதல் – தாவித் தாவிச் செல்லுதல்
கூம்பிய – ஒடுங்கிக் குறுகிய

சிதைவுகள் – உடைந்த பகுதிகள்
ஐயம் – சந்தேகம்
சான்று – ஆதாரம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஆர்னால்டு தம் விளக்கத்தில் சிறுதட்டு உவமையால் உணர்த்த விரும்பியது
அ) நிறம் ஆ) வடிவம் இ) இயக்கம் ஈ) பயன்

2. பாங்காங் ஏரிப் பகுதியில் காணப்பட்டவை
அ) பலூன்கள் ஆ) கோள்கள் இ) எரிகற்கள் ஈ) வானூர்திகள்

ஆ. பிரித்து எழுதுக.

1. வானூர்தி 2. நாளிதழ் 3. விண்மீன் 4. வினையுவமை

இ. பின்வருவன எவ்வகை உவமை எனக் குறிப்பிடுக.

1. அம்பு போல ஓடினாள்.
2. பொன் போன்ற நெற்கதிர்.
3. அருமருந்து போன்ற அறிவுரை.
4. நிலவு போன்ற வட்ட முகம்.

ஈ. குறுவினா

1. ஆர்னால்டு கணக்கிட்ட விரைவில் பிழை நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா? ஏன்?
2. ரோஸ்வெல் நிகழ்வில் ஐயம் வளர்ந்ததற்குரிய காரணம் யாது?

உ. சிந்தனை வினா

'அடையாளம் தெரியவில்லை' என்பதற்கும் 'வேற்றுலகத்தைச் சார்ந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

ஊ. கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் பறக்கும் தட்டை எவ்வாறு அழைக்கின்றனர்? அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ கேட்டு, அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதன் நேர்பொருளையும் குறிப்பிடுக.
2. மாலையில் மேற்கு வானத்தை நோக்கி, நீங்கள் கண்ட ஒளி ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக. கண்டதை மட்டும் எழுதுக. ஊகித்ததைத் தனியே எழுதுக.