சர்க்கார் வலையில் ஒரு விற்பனைக் கடிதம்

ரயில்வேயில் கண்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. ஒரு செக்‌ஷனின் ஸ்டேஷன்கள் எல்லாம் அந்த ஒரே கம்பியில் இருக்கும். அதில் ஒருவர் ஊர்க்கதை பேசினால் மற்றவர்கள் வண்டியைப் பற்றிப் பேச முடியாது. மின்னஞ்சல் பட்டியலுக்கும் அதே கணக்குதான் என்பது என் கட்சி.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணிப்பொறி வலையான ஆர்பாநெட்டில் 1978 மே 3 அன்று நடந்ததைப் பாருங்கள். அதன் உபயோகிப்பாளர் பெயர்கள் அச்சிட்ட டைரக்டரி ஒன்றில் இருந்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் விற்பனை கவனித்த கேரி துர்க், அதிலிருந்து ஏறக்குறைய 400 முகவரிகளை எடுத்து, தம் கம்பெனியின் புதிய கணிப்பொறிகளைப் பார்க்க வருமாறு அழைப்பு அனுப்பினார். முகவரிக்குரிய இடம் நிரம்பி, மிச்சப் பெயர்கள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன! வலையை நிர்வகித்தவர்கள், இது சர்க்கார் வேலைக்கு மட்டுமே உள்ள வலை, அப்பட்டமான விதிமீறல் என்று கண்டித்தனர்.

துர்க் எதையும் திருடவில்லை. டைரக்டரி அவர் கையில் நியாயமாகவே இருந்தது. அது கொடுக்கப்பட்ட காரியம் வேறு, அவ்வளவே.

பொங்கல் விழாவுக்காக நாம் கொடுத்த முகவரிகளை ஒரு சீட்டுக் கம்பெனி ஏஜெண்ட் கேட்டால் சங்கச் செயலாளர் தரலாமா? "அவரும் நம் உறுப்பினர்தானே" என்பார்கள். துர்க்கின் கம்பெனியும் அந்த வலையில் இருந்ததுதான்.

பலருக்கு எழுதும்போது பெயர்களை மறைநகல் கட்டத்தில் போடுங்கள். பெறுநர் கட்டத்தில் போட்டால், கடிதத்தோடு பட்டியலும் எல்லார் கைக்கும் போய்விடும்.