பத்துப் பேர் கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கொட்டித் தீர்த்த கோபத்தை முழுசாகக் கேட்டேன். பி.டி. டீச்சர் போர்டில் 4-3-3 என்று எழுதினாராம். ஃபார்வர்டு ஆட ஆசைப்பட்ட உன்னை லெஃப்ட் பேக்கில் நிறுத்திவிட்டாராம். "அந்த நம்பருக்கு என்ன அர்த்தம், நான் மட்டும் ஏன் பின்னாடி நிக்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

எண்களை எப்போதும் நம் கோலிலிருந்து எதிரணி கோலை நோக்கிப் படிக்க வேண்டும். கோல் கீப்பர் இந்தக் கணக்கில் வரமாட்டார். 4-3-3 என்றால் பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர். 4-4-2, 3-5-2, 4-2-3-1 என்று எதை எடுத்துக் கூட்டினாலும் 10 தான் வரும். சர்வதேச ஆட்டங்களுக்கான மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழரை சென்ட்டுக்கு மேல் வருகிறது. அவ்வளவு இடத்தை ஒருத்தி தனியாகக் காக்க முடியாது. அதனால் எங்கேயாவது ஆள் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டினால் வேறெங்கோ குறையும். கீழ்பென்னாத்தூரில் ஏரித் தண்ணீரை ஒரு வாய்க்காலுக்குத் திருப்பினால் அடுத்த வாய்க்காலில் மட்டம் இறங்குவதை நீ பார்த்திருக்கிறாய். வியூகம் என்பதும் அப்படித்தான். எந்த வியூகத்தைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகளைக் கேள்: எங்கே ஒரு ஆள் கூட? எங்கே ஒரு ஆள் குறைவு?

பழைய காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. பின்னால் இரண்டே பேர், முன்னால் ஐந்து பேர்: 2-3-5. 1925-இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை, முன்னால் நிற்பவருக்கும் எதிரணி கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும். அதன்பின் இருவர் போதும் என்றானது. கோல்கள் குவிந்தன. லண்டனின் ஆர்சனல் அணிக்கு மேனேஜராக இருந்த ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்ற ஒருவரைப் பின்னால் இழுத்து மூன்றாவது பேக் ஆக்கினார். பிறகு அந்த மூவர் நால்வரானார்கள். 1958-இல் பிரேசில் 4-2-4 ஆடி உலகக் கோப்பையை வென்றது.

அந்த 4-2-4 பாணியை 1950-களிலேயே நம் இந்திய அணிக்குப் பழக்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் வந்தது அவர் பயிற்சியில்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் செய்ததைக் கவனி. சென்டர் பேக் ஜர்னைல் சிங்குக்கு ஒரு ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் கோல் போட்டார் ஜர்னைல். தென்கொரியாவுடனான இறுதியாட்டத்திலும் போட்டார். பி.கே. பானர்ஜி இன்னொரு கோல் போட, 2-1 என்று தங்கம் நமக்கு. போர்டில் எழுதிய எண்ணைவிட, அந்த இடத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். பின்னால் ஆடிப் பழகியவருக்கு எதிரணி பேக் எதற்குத் தடுமாறுவார் என்பது தெரியும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

இனி இன்றைய வியூகங்கள். எளிமையானது 4-4-2. நால்வர் நால்வராக இரண்டு வரிசை, முன்னால் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள். பந்து இடப்பக்கம் போனால் இரண்டு வரிசையும் சேர்ந்து இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் போனால் அங்கே. இடைவெளி தெரியாது. குறை நடுவில்தான். எதிரணி நடுவில் மூவரை வைத்தால் நம்முடைய இருவரும் ஓடி ஓடிக் களைப்பார்கள். 2015-16 சீசனில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி இதே 4-4-2 ஆடி பிரீமியர் லீக்கை வென்று உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. அந்தக் குறையை எப்படி அடைத்தார்கள்? இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரான ஒகசாகி ஓடோடிப் பின்னால் வந்து நடுக்களத்துக்குத் தோள் கொடுத்தார். நடுவில் நின்ற கான்டே இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்தார். முன்னால் மீந்த வார்டி ஓடுவதற்கு வெட்டவெளி கிடைத்தது.

உங்கள் டீச்சர் எழுதிய 4-3-3, நடுவில் ஒரு ஆளைக் கூட்டுகிறது. மூவரில் ஒருத்தி சற்றுப் பின்னால் நின்று பேக்குகளுக்கு முன் காவல். மற்ற இருவர் மேலும் கீழும் ஓடுவார்கள். முன்னால் நடுவில் ஒரு ஸ்ட்ரைக்கர், இரு ஓரங்களில் இரு விங்கர்கள். இப்படி நின்றால் மைதானம் முழுக்க முக்கோணங்கள் தானாக உருவாகும். பந்து வைத்திருப்பவருக்கு எப்போதும் குறைந்தது இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பார்கள். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பந்தைத் தரையில் உருட்டிப் பாஸ் செய்யும் ஆட்டத்தால் 2018-19 ஐ-லீக்கை வென்றது. ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். ஆனால் பட்டத்துக்கு வெற்றி தேவைப்பட்ட கடைசி ஆட்டத்தில், மினர்வா பஞ்சாபுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர் யார் தெரியுமா? டிஃபெண்டர் கௌரவ் போரா! ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

4-3-3-க்கும் ஓட்டை உண்டு. விங்கர் முன்னால் நின்றுவிட்டு, பேக்கும் மேலே ஏறிவிட்டால் அந்த ஓரம் முழுக்கக் காலி. எதிரணி ஒரு நீளமான பந்தை அங்கே தூக்கிப் போட்டாலே போதும். உன் இடம் அது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

4-2-3-1 என்பது பயந்தவர்களுக்கான 4-3-3 என்று கேலி செய்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பேக்குகளுக்கு முன்னால் ஒருவருக்குப் பதில் இருவர் காவல். அதனால் அவர்களுக்கு முன்னால் நிற்கும் மூவரும் திரும்பிப் பார்க்காமல் தாக்கலாம். குறை எங்கே என்றால், ஒற்றை ஸ்ட்ரைக்கர் அடிக்கடி தனியாள் ஆகிவிடுவார். 2017-18-இல் ஜான் கிரகரி பயிற்சியில் சென்னையின் எஃப்சி இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது, அந்தக் காவல் வேலையில் முக்கியமானவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். கோல் பட்டியலை மட்டும் வைத்து அவரை எடை போடாதே. அவர் தடுத்து எடுத்துக் கொடுத்த பந்துகளில்தான் மற்றவர்கள் ஆடினார்கள். பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னை 3-2 என்று ஜெயித்தது. அந்த மூன்றில் இரண்டு, கார்னரில் வந்த பந்தை சென்டர் பேக் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்டவை. கார்னரில் நிற்கும்போது 4-2-3-1-ம் இல்லை, 4-3-3-ம் இல்லை. வியூகம்தான் எல்லாம் என்று யாராவது பேசினால் இந்த ஆட்டத்தைச் சொல்.

கடைசியாக, பின்னால் மூவர் நிற்கும் வியூகங்கள்: 3-5-2, 3-4-3. நடுவே மூன்று சென்டர் பேக்குகள் இருப்பதால் எதிரணியின் இரு ஸ்ட்ரைக்கர்களுக்கு எதிராக ஒரு ஆள் எப்போதும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரே ஒருவர். அவர்தான் விங் பேக்: தாக்கும்போது விங்கர், தடுக்கும்போது பேக். மைதானத்திலேயே அதிகம் மூச்சு வாங்கும் வேலைகளில் இது ஒன்று. 2016-இல் ஆர்சனலிடம் 0-3 என்று அடி வாங்கிய பிறகு, செல்சீ கோச் அன்டோனியோ கோன்டே 3-4-3-க்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களில் வெற்றி, அந்த சீசன் பட்டமும் அவர்களுக்கே. விங்கராக ஆடிய விக்டர் மோசஸ்தான் அங்கே விங் பேக்.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் அருமை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் முன்னால் ஆடிப் பேர் வாங்கியவர். 2019-20-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனபோது, கோச் ஹபாஸ் அவரை 3-5-2-இல் லெஃப்ட் விங் பேக்காக ஆட வைத்தார். கோல் போடப் பழகிய காலுக்குத் தடுக்கும் வேலையும் சேர்ந்தது. அந்த சீசன் ஐ.எஸ்.எல். கோப்பை ஏ.டி.கே.வுக்கு, இறுதியாட்டத்தில் தோற்றது நம் சென்னையின் எஃப்சி.

இவ்வளவு படித்த பிறகு ஒரு குண்டைப் போடுகிறேன். டிவியில் ஆட்டம் தொடங்கும் முன் காட்டும் எண் பாதி உண்மைதான். பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு வடிவம், அவர்களிடம் போனதும் இன்னொன்று. 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டி நால்வர் பேக்கோடு தடுத்தது. பந்து கிடைத்ததும் ஜான் ஸ்டோன்ஸ் பின்வரிசையிலிருந்து நடுக்களத்துக்கு நடந்து வந்துவிடுவார். அப்போது அது 3-2-4-1. நடுவில் ஒரு ஆள் கூடிவிட்டதே என்று எதிரணி கண்டுபிடிப்பதற்குள் பந்து கடந்துவிடும். 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா செய்ததைப் பார். டி மரியாவை இடது ஓரத்தில் நிறுத்தியது. பிரான்சின் வலப்பக்கம் ஆடிப்போனது. முதல் கோலுக்கான பெனால்டியை வாங்கியவரும் அவர், இரண்டாவது கோலை அடித்தவரும் அவர்.

இப்போது உன் இடத்துக்கு வருவோம். எதிரணி ரைட் விங்கரிடம் பந்து வருகிறது. உனக்கு உடனே பாய்ந்து பறிக்கத் தோன்றும். பாயாதே. இரண்டு எட்டு தள்ளி நில். நேருக்கு நேராக நிற்காமல் உடம்பைச் சற்றுக் கோணலாக வை. உன் வலப்பக்கம், அதாவது நம் கோலுக்குப் போகும் வழி, அடைபட்டிருக்க வேண்டும். ஓரக் கோட்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். அங்கே போனால் அவளுக்குக் கோடுதான் கிடைக்கும். அவள் பந்தைச் சற்றுத் தூரமாகத் தட்டிவிடும் அந்த ஒரு நொடியில் கால் வை. இதற்குள் உன் பக்கத்து சென்டர் பேக் உனக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் கத்திக் கூப்பிடு. பேசாத பேக் பாதி பேக்.

பந்தைப் பறித்தாயிற்று. இனி உனக்கு மூன்று வழிகள்: முன்னால் லெஃப்ட் விங்கர், உள்பக்கம் நடுக்கள ஆள், பின்னால் சென்டர் பேக். விங்கர் கோட்டை ஒட்டி நின்றால் நீ உள்பக்கமாக ஏறு. அவள் உள்ளே வெட்டிப் போனால் நீ வெளிப்பக்கமாக ஓடு. இருவரும் ஒரே தடத்தில் ஓடினால் எதிரணி பேக் ஒருத்தியே உங்கள் இருவரையும் சமாளித்துவிடுவாள்.

உன் பள்ளியில் பதினொரு பேர் சேராத நாளில் ஏழு பேர் ஆட்டம் ஆடுங்கள். கீப்பர் போக ஆறு பேர்: 2-3-1 போட்டுப் பாருங்கள், பிறகு 3-2-1. ஒரு ஆளை நகர்த்தியதும் எங்கே ஓட்டை விழுகிறது என்பது சின்ன மைதானத்தில் சட்டென்று தெரியும். டிவியில் மேட்ச் பார்க்கும்போது ஒரு கால் மணி நேரம் பந்தை விட்டுவிட்டு லெஃப்ட் பேக்கை மட்டும் பார். பந்து தன் அணியிடம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், இழந்ததும் எங்கே நிற்கிறார் என்று நோட்டில் இரண்டு படம் போடு. கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடும் பழைய ஆட்டங்கள் கிடைத்தால் அவர் நடுக்களத்தில் பந்து வாங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்ப்பாரா என்று கவனி. நம் தமிழ்நாட்டுப் பெண் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியிருக்கிறார்.

ஃபார்வர்டு ஆசையை விட்டுவிடு என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த பயிற்சியில் டீச்சரிடம் "என்னை ஏன் பின்னாடி போட்டீங்க?" என்று மட்டும் கேட்காதே. "நான் மேலே ஏறினா என் இடத்தை யார் பாத்துக்குவாங்க, டீச்சர்?" என்று கேள். பின்னால் நிற்கும் நடுக்கள ஆள் நகர்ந்து வருவாளா, சென்டர் பேக் தள்ளி நிற்பாளா, அல்லது விங்கரே இறங்கி வருவாளா என்று அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கிடைத்த நாளிலிருந்து நீ தைரியமாக ஏறலாம், கோலும் போடலாம். அது வரும்வரை போர்டில் இருப்பது மூன்று எண்கள் மட்டுமே.

அக்காவிடம் சொல், பூட்ஸ் வாங்க அடுத்த மாதம் நானே திருவண்ணாமலைக்கு அழைத்துப் போகிறேன். நோட்டில் போட்ட படங்களை போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா