எஞ்சினின் மூச்சு

திருத்தணிகை மலையின் படிகள், ஆண்டின் நாள்களைப் போல, 365 என்பர். அவற்றில் ஏறுவோர் இடைவழியில் நின்று மூச்சு வாங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மலைச்சாலை வழியாக மோட்டார் வண்டிகளும் மேலே செல்கின்றன. அவையும் மூச்சு வாங்குகின்றன என்று கூறின், தமிழாசிரியர் உவமை சொல்கின்றார் என நகையாதீர்கள். எஞ்சின் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவது உண்மை. அம்மூச்சை அளப்பதற்கு ஒரு சிறு கருவி உண்டென்பதும் உண்மை. அக்கருவியின்மேல் பழி வந்துழி, அதனை எவ்வாறு ஆராய்வது என்பதை ஈண்டுக் காண்போம்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்பொழுது காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. காற்று வரும் வழியில் ஒரு கதவு உளது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவிற்கு அது திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். அக்கதவிற்கும் சிலிண்டர்களுக்கும் இடையே கிளைத்துச் செல்லும் குழாய்த் தொகுதியை இன்டேக் மேனிபோல்டு என்பர். ஒரு குழலின் முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் உட்குழியும். கதவு மூடியிருக்கும்போது மேனிபோல்டின் நிலையும் அதுவே. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். வண்டி நின்றபடியே எஞ்சின் மெல்ல ஓடுங்கால் மேனிபோல்டினுள் இருப்பதோ, பெரும்பாலும் 30 முதல் 40 வரையே. மலை ஏறும்போது கதவு அகலத் திறத்தலின், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை நெருங்கிவிடும்.

இவ்வழுத்தத்தை அறிவிப்பதே மேப் சென்சார் எனப்படும் கருவி. அதனுள் சிலிக்கானால் ஆகிய மெல்லிய தகடு ஒன்று இருக்கும். தகட்டின் ஒருபுறம் காற்று நீக்கப்பட்ட சிற்றறை. மறுபுறம் மேனிபோல்டின் காற்று. அழுத்தத்திற்கேற்பத் தகடு வளையும். வளைவு மின்னழுத்தமாக மாறி, எஞ்சினை ஆளும் கணிப்பொறிக்குச் செல்லும். கணிப்பொறி இதனோடு காற்றின் வெப்பத்தையும் எஞ்சினின் சுழற்சியையும் கூட்டிக் கணக்கிட்டு, எடையால் 14.7 பங்கு காற்றிற்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் விகிதத்தை ஒட்டி எரிபொருளைத் தெளிக்கச் செய்யும். பழைய அம்பாசிடர் வண்டியில் இத்தகைய கணக்கு ஏதும் இல்லை. கார்புரேட்டர் வழியே காற்றே பெட்ரோலை ஈர்த்துக்கொண்டது. அழுத்தத்தை அளந்து மின்கருவியால் எரிபொருள் ஊட்டும் முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் வெளியிட்டது. அதற்கு டி-ஜெட்ரானிக் என்று பெயர். ‘டி’ என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்தே.

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருப்பதிக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் அது. திருத்தணிகையை அடையும்போது கரும்புகை கக்குகின்றது, பெட்ரோல் நாறுகின்றது, மெல்ல ஓடும்போது குலுங்கி நின்றுவிடுகின்றது, ஓட்டுநரின் முன்னே மஞ்சள் விளக்கும் எரிகின்றது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் ‘பி 0106’ என்னும் குறி தோன்றுகின்றது. உடனே, “மேப் சென்சார் போய்விட்டது, மாற்றவேண்டும்” என்பார் உளர். அக்குறியின் பொருள் அதுவன்று. ‘இக்கருவி சொல்லும் அழுத்தமும் எஞ்சினின் நிலையும் ஒத்துவரவில்லை’ என்பதே அதன் பொருள். வழக்கு உண்டு என்று அறிவிப்பதே குறி. தீர்ப்புக் கூறுவது அன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். பொருந்தாத சொல்லைக் கண்டவுடன் அடித்துவிட்டாரல்லர். பட்டறைக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் சாவியை மட்டும் திருப்புக; எஞ்சினை இயக்கற்க. அப்போது மேனிபோல்டில் இழுப்பு இல்லை. ஆதலின் கருவி வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டவேண்டும். சமவெளியூர்களில் அது 100-ஐ ஒட்டியிருக்கும். உதகமண்டலத்தில் நின்று பார்ப்பின் ஏறத்தாழ 77 காட்டும். அதனைப் பழுதென்று கொள்ளல் பிழை. நம் வண்டியில் 99 காட்டுகின்றது எனின், கருவி இதுவரை மெய்யே பேசுகின்றது.

அடுத்து எஞ்சினை இயக்குக. (ஓடும் எஞ்சினருகே தொங்கும் துண்டும் அவிழ்ந்த கூந்தலும் ஆகா.) 35 அளவிற்கு இறங்கவேண்டிய எண் 80-லேயே நிற்கின்றது. இப்போது ஸ்கேனரை விட்டுக் கண்ணையும் செவியையும் துணைக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் கருவி மேனிபோல்டின்மேலேயே பொருத்தப்பட்டிருக்கும்; சிலவற்றில் சிறு ரப்பர்க் குழாய் ஒன்று இடையே செல்லும். எஞ்சினின் வெப்பத்தால் அக்குழாய் காய்ந்து வெடித்திருப்பின், வெளிக்காற்று அதனுள் புகும். ‘உஸ்’ என்னும் ஓசையும் கேட்கலாம். உள்ளே குறைந்த அழுத்தமே இருக்கவும், கருவியை அடைவது மிகுந்த அழுத்தம். கணிப்பொறியோ, வண்டி பெருஞ்சுமையோடு மலை ஏறுகின்றது என்றெண்ணிப் பெட்ரோலை வாரி இறைக்கின்றது. கரும்புகைக்குக் காரணம் இதுவே. ஒரு சாண் குழாயை மாற்றினால் தீரும் குறைக்கு, கருவியின் முழு விலையையும் ஓட்டுநர் கொடுத்திருப்பார். கொடுத்தும் புகை நின்றிராது. புகைபோக்கியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பும், எரியாத பெட்ரோல் இடையறாது வந்து சேர்ந்தால், வெப்பம் மிகுந்து கெடும். பலேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் கொண்டதாகலின் அதன் விலை பெரிது. நாள்வாடகையை நம்பி வாழ்பவர்க்கு இஃது எளிய செலவன்று.

குழாய் நன்றாயிருப்பின் மின்கம்பிகளை நோக்குக. கருவிக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள் வரும். ஒன்று 5 வோல்ட்டு தருவது, ஒன்று தரைக்கம்பி, மற்றொன்று செய்தி கொண்டு செல்வது. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்து, 5 வோல்ட்டு வரவில்லையெனின், புதுக்கருவி வாங்கி என்ன பயன்? மின்சாரமும் சரியாக வந்தால், கையால் இயக்கும் சிறு வேக்கம் பம்பைக் கருவியோடு பொருத்திக் காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்ச வேண்டும். செய்திக்கம்பியின் மின்னழுத்தம் நான்கரை வோல்ட்டு அளவிலிருந்து படிப்படியாக இறங்கினால் கருவி நலமே. அசையாது நின்றாலோ, இடையே தாவினாலோ, அப்போதுதான் கருவி குற்றவாளி.

கருவி நலமாயிருந்தும் எண் இறங்காமைக்கு வேறு காரணமும் உண்டு. வால்வுகள் சரியாக மூடாவிடினும், டைமிங் பெல்ட்டு ஒரு பல் தாவியிருப்பினும், எஞ்சினின் இழுப்பே குன்றும். அங்ஙனமாயின் கருவி காட்டிய மிகையழுத்தம் மெய்யே, நோய் எஞ்சினிடத்தது. இதனை அறியாது மூன்று கருவிகளை மாற்றினும் மூன்றும் ஒன்றையே சொல்லும்.

பழுது நீங்கியபின் ஸ்கேனரால் குறியை அழித்து, வண்டியை மலைச்சாலையில் ஒருமுறை ஏற்றி இறக்கவேண்டும். உடன் அமர்ந்தவர் எண்ணை நோக்கிவரின், ஏற்றத்தில் அது 80, 90 என உயரும். இறக்கத்தில் காலை எடுத்தவுடன் முப்பதிற்கும் கீழே இழியும். அடிவாரத்தில் நிறுத்தும்போது 35 அளவில் நின்று, மஞ்சள் விளக்கும் எரியாதிருந்தால், வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கலாம்.