ஆச்சி தூங்கிய இரண்டு நாட்கள்

2009-இல் ஒரு ஞாயிறு மாலை ஆராதனையில் நாற்பத்தைந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். ஐயர் அன்று வேறு கிளைச்சபைக்குப் போயிருந்தார். (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும், எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் அவரால் ஓட முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் என்னைப் போன்றவர்களுக்குப் பிரசங்க மேடை கிடைக்கும். மூன்று வாரம் தயாரித்திருந்தேன். எடுத்துக்கொண்ட பகுதி 1 கொரிந்தியர் 12, ஆவியின் வரங்கள். எனக்குப் பிரசங்க வரம் இருப்பதாக அப்போது நான் திடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"தம்பி, நீ பேசும்போது நல்லா தூங்கிட்டேன், கோவிச்சுக்காத. உங்க சார் போனப்புறம் பதினஞ்சு நாள் நான் கண்ணையே மூடல. நீ வந்து அந்தப் பேப்பரையெல்லாம் தரையில பரப்பி அடுக்கி வச்சிட்டு, 'ஆச்சி, இனிமே இது என் வேலை'ன்னு சொன்னல்லா, அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, அடியாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

அவர் சொன்ன பேப்பர் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவன். படிவங்களைப் பார்த்துப் பயம் கிடையாது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் அலைச்சல். இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பென்ஷன் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. 'ஞானமுத்து', 'ஞானமுத்து நாடார்', 'ஜி. முத்து' மூவரும் ஒரே ஆள்தான் என்று கருவூலத்தில் விளங்கவைக்க ஒரு பொறுமை வேண்டும். அது எனக்கு இருந்தது. ஆனால் அதை வரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வங்கி வேலையின் நீட்சி என்றுதான் நினைத்தேன்.

ஆச்சி போன பிறகு, பிரசங்கத்துக்காகக் கரைத்துக் குடித்த அதே அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். 28-ஆம் வசனத்தில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள், அற்புதங்கள் என்று போகிற வரிசையின் கடைசிப் பக்கம் 'ஆளுகைகள்' என்று ஒரு சொல் இருக்கிறது. பிரசங்கத்தில் அதை அரை நிமிடத்தில் தாண்டிப்போயிருந்தேன். அதன் கிரேக்க மூலம் 'குபெர்னேசிஸ்'. கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கும் வேலையைக் குறிக்கும் சொல். அப்போஸ்தலர் 6-ஐயும் எடுத்துப் பார்த்தேன். ஆதிச்சபையில் வந்த பெரிய சண்டைகளில் ஒன்று விதவைகளுக்கான அன்றாடப் பங்கீட்டைப் பற்றியது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது கேட்ட தகுதி, நற்சாட்சியும் ஆவியும் ஞானமும். பந்தி விசாரிக்கிற வேலைக்கு!

அதற்காகப் பிரசங்கத்தை அன்றே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்னும் இரண்டு வருடம் மேடைக்கு ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அப்போதிருந்த ஐயர் ஒருநாள் காப்பி குடிக்கக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க பிரசங்கத்துல தப்பே கிடையாது. யாருக்கும் ஞாபகமும் இல்ல" என்றார். இவ்வளவு நேராகச் சொல்கிற ஐயர் கிடைப்பதே ஒரு வரம். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

2012-இல் சேகரச் செயலராக இருந்தபோது 'வரங்களைக் கண்டறியும் படிவம்' ஒன்றைச் சபையில் கொடுத்தேன். ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலிருந்து நானே தமிழில் ஆக்கியது. அறுபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். எண்பதுக்கு மேற்பட்டவர்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்குப் 'போதித்தல்', மீதிப் பேரில் பலருக்குத் 'தலைமைத்துவம்'. இத்தனை போதகர்களும் தலைவர்களும் இருக்கிற சபையில் ஓய்வுநாள் பள்ளிக்கு அந்த வருடம் நான்கு ஆசிரியர்கள் குறைவு. அசனப் பண்டிகையில் அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஆயிரம் பேர் சோற்றுக்கு உலை வைக்கிற பெண்களில் ஒருவர்கூடப் படிவத்தைத் திருப்பித் தரவில்லை. கேட்டேன். "அதுல நாங்க செய்யுறது எதுவும் இல்லியே" என்றார்கள். உண்மைதான், இல்லை. பெசலெயேலுக்குத் தேவ ஆவியைக் கொடுத்தது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்கு என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. என் படிவத்தைப் பெசலெயேல் நிரப்பியிருந்தால் அவருக்கும் சுழியம்தான் வந்திருக்கும்.

தன்னைத்தானே பார்த்து வரத்தைக் கண்டுபிடிப்பது, தன் முதுகைத் தானே பார்ப்பது மாதிரி. அடுத்தவன் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆச்சி எனக்குச் சொன்னதைப்போல. அதனால் மறுவருடம் படிவத்தைத் தூக்கி வைத்துவிட்டு, குடும்ப ஜெபத்துக்குப் போகிற வீடுகளில் எல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: உங்கள் வீட்டில் கஷ்டம் வந்தபோது நம் சபையில் யார் வந்தது உங்களுக்குத் தெம்பாக இருந்தது? பெயரை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டோம்.

ஏறக்குறைய நூற்று நாற்பது குடும்பங்கள். முடிக்க ஏழெட்டு மாதம் ஆனது. நோட்டில் கமிட்டி உறுப்பினர்கள் பெயர் குறைவாகவே வந்தது; என்னோடு கூட வந்த கமிட்டிக்காரர்களுக்கு அது கொஞ்சம் கசந்தது. ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருந்த ஒரு பால்காரர் பெயர் ஆறு வீட்டில் வந்தது. அவர் பாடகர் குழுவிலும் கிடையாது, சங்கத்திலும் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்த கையோடு கறவைக்கு ஓடிவிடுவார்.

இன்னொரு பெயர் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் சபையில் காது கேளாத தையற்காரர் ஒருவர் உண்டு. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி நீட்டினோம். அவர் எழுதிக் காட்டிய பெயர் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணுடையது. தையல் மிஷின் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினார். காணிக்கைக் கவரின் பின்பக்கம், பழைய அழைப்பிதழ், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள். எல்லாவற்றிலும் பென்சிலில் பிரசங்கச் சுருக்கம். ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளை எழுதி, நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் நீட்டிவிடுமாம். ஒரு தாளின் ஓரத்தில், 'ஐயர் இப்போ ஜோக் சொன்னார். நல்லா இல்லை' என்று எழுதியிருந்தது. ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, 16-ஆம் அதிகாரத்தில் நடுவே புகுந்து தன் பெயரையும் சொல்லி ஒரு வாழ்த்து வைப்பார். அவர் ஞாபகம்தான் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பட்டம், பதவி எதுவும் கொடுக்கவில்லை. மேடையில் கூப்பிட்டுச் சால்வை போடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். போட்டிருந்தால் அடுத்த வாரமே வெட்கப்பட்டு நிறுத்தியிருக்கும். இரண்டு பெரிய நோட்டு வாங்கிக் கொடுத்தோம். தையற்காரருக்கு நடுவழியை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கினோம். ஐயரிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னோம். வரத்துக்குச் சபை செய்ய வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

வரத்தைத் தேடும்போது குறை சொல்கிறவர்களையும் கவனியுங்கள். அப்போஸ்தலர் 6-இல் முறுமுறுத்தவர்கள் கிரேக்கு பேசுகிற யூதர்கள். தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்தான். முறுமுறுத்த பக்கத்திலேயே ஆளை எடுத்து வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக் ஒருவர் வாராவாரம் மைக் சரியில்லை என்று கடிதம் எழுதுவார். 'உங்க காதுதான் சரியில்லை' என்று சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாவியை அவர் கையில் கொடுத்தேன். ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டும் எதிர்ச்சுவரைப் பார்த்து இருந்ததைக் கண்டுபிடித்து, பத்தடி தள்ளித் திருப்பி வைத்தார். செலவு நான்கு ஆணி. இந்த வழி எப்போதும் பலிக்காது. பாட்டு சரியில்லை என்று குறை சொன்ன ஒருவரிடம் பாடகர் குழுவைக் கொடுத்தோம்; மூன்று மாதத்தில் குழுவே இல்லை.

அதிலிருந்துதான் எந்தப் பொறுப்பையும் முடிவுத் தேதியோடு கொடுக்கக் கற்றுக்கொண்டேன். 'லெந்து முடியிற வரை', 'விடுமுறை வேதாகமப் பள்ளி பத்து நாள்'. பொருந்தவில்லை என்றால் யாருக்கும் முகம் சுருங்காமல் விலகிக்கொள்ளலாம். தேதி இல்லாமல் கொடுத்த பொறுப்பு சொத்து மாதிரி ஆகிவிடும். பிறகு சபைத் தேர்தல் வந்தால் அது வழக்காகவும் ஆகும்.

அந்நியபாஷையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் சபை இளைஞர்கள் என்னை விடமாட்டார்கள். வரம் என்றாலே அதுதான் என்று நினைத்துச் சிலர் வெள்ளிக்கிழமைகளில் வேறு ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள். எனக்கு அந்த வரம் கிடையாது. இருப்பவர்களைக் கேலி செய்கிறதும் கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன். 1 கொரிந்தியரில் 12-ஆம் அதிகாரமும் 14-ஆம் அதிகாரமும் வரங்களைப் பற்றியவை. நடுவில் இருக்கிற 13-ஐ நாம் கல்யாண வீட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். பவுல் அதை எழுதியது வரத்துக்காக அடித்துக்கொண்ட ஒரு சபைக்கு.

கடைசியாக ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். விதவைகளின் பேப்பர் வேலையைப் பதினான்கு வருடம் நான் ஒருவனே செய்தேன். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, யார் எப்போது சாப்பிடப் போவார், பென்ஷன் நேர்காணலுக்கு எந்த மாதம் போக வேண்டும் எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. 2023-இல் எனக்குக் கண்புரை ஆபரேஷன். அந்தச் சமயத்தில் ஒரு குடும்பத்தின் பென்ஷன் நான்கு மாதம் நின்றுபோனது. அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறார். ஊழியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கோப்பில் எழுதினேன். நோட்டைப் புரட்டி மூன்று வீட்டார் சொன்ன ஒரு பெயரைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பெண், வயது முப்பது. ஆறு மாதம் கூடவே அழைத்துக்கொண்டு போனேன். படிவத்தை நிரப்பும் முன் அந்த அம்மாக்களிடம், "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்கிறாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

கோப்பு இப்போது அவளிடம். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கருவூலத்துக்குப் போகிறாளாம். என்னைக் கூப்பிடவில்லை.