ஒளியை முந்தியவனுக்கு முதுமை இல்லையா?

கேள்வி: ஒளியினும் விரைந்து பறக்கும் கப்பலில் சென்று மீண்ட வீரன் இளைஞனாகவே இருக்க, ஊரிலிருந்த அவன் தம்பி கிழவனாகிவிட்டதாகக் கதைகளில் வருகிறதே, இக்கற்பனையின் மூலம் எது?
– ஒரு வாசகர், உடும்பன்சோலை.

பதில்: தனித்தனியே பிறந்த இரண்டு கருத்துக்களைக் கதாசிரியர்கள் ஒன்றாகப் பிணைத்துவிட்டதன் விளைவு அது. வேகத்தால் காலம் மந்தமடையும் என்பது 1905-ல் ஐன்ஸ்டைன் வகுத்த சார்பியல் தத்துவத்தின் முடிவு. அதை ஒரு யாத்திரிகனின் சரிதமாக்கி, ஒளியின் வேகத்துக்கு இருபதினாயிரத்தில் ஒரு பங்கே குறைந்த வேகத்தில் 2 ஆண்டுகள் பிரயாணம் செய்து திரும்புகிறவன் பூமியில் 200 ஆண்டுகள் கழிந்திருக்கக் காண்பான் என்று 1911-ல் எழுதியவர், பிரெஞ்சு பௌதிக அறிஞர் லாஞ்சவன். ஒளியை முந்துவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றுவிட்ட விஷயமன்று. வாயுமண்டலத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் என்னும் நுண்துகளின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான், அதற்குள் ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் 660 மீட்டரைத் தாண்டவொண்ணாத அத்துகள்கள் நம் தலைமீது ஓயாமல் பொழிகின்றன என்றால், அவற்றின் காலகதி நம் கடிகாரத்துக்கு மந்தமாயிருப்பதே காரணம். உங்கள் மலைக்குக் கிழக்கே, தேனி ஜில்லாப் பொட்டிபுரத்தில், நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்குப் போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்ததும், இம்மியூவான் மழையைத் தடுக்க ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக் கவசம் அங்கே கிடைக்கும் என்பதற்காகவே.

இரண்டாவது கருத்து, ஒளியை மிஞ்சுவது. அந்த வேகத்தைக் காலம் மந்தமாவதைக் கணிக்கும் சார்பியல் சூத்திரத்தில் இட்டாலோ, எதிர்மறை எண்ணின் வர்க்கமூலந்தான் வருகிறது. அதைக் கொண்டு கப்பலிலுள்ளவனின் வயதைக் கணிக்க வழியில்லை. இத்துறையில் துணிந்து புகுந்தவர்களுள் ஒருவர், உங்களுக்கு அடுத்த கோட்டயம் ஜில்லாவின் பள்ளம் என்ற ஊரில் 1931-ல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற ஈ. சி. ஜி. சுதர்சன். ஒளியைக் கடந்து வேகமெடுப்பதுதான் அசாத்தியமேயன்றி, பிறவியிலேயே ஒளியினும் விரைவான துகள்கள் இருப்பதைச் சார்பியல் விலக்கவில்லை என்று, பிலானியுக், தேஷ்பாண்டே ஆகிய இருவரோடு சேர்ந்து 1962-ல் அவர் வாதித்தார். 1967-ல் ஃபைன்பெர்க் அவற்றுக்கு டாக்கியான் என்று நாமகரணம் செய்தார். இன்றுவரை அவற்றில் ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்பட்டாலும், அவை மனிதனை ஏற்றிச் செல்லும் வாகனமாகா. அவற்றைக்கொண்டு சேதி அனுப்பினால் அது கடந்த காலத்துக்கே போய்ச் சேரக்கூடும் என்ற சங்கடத்தையே கதைப்பொருளாக்கி 1980-ல் பென்ஃபோர்டு எழுதிய ‘டைம்ஸ்கேப்’, விஞ்ஞானத்துக்கு விசுவாசமான படைப்பு.

அஸிமோவ் போன்ற கதாசிரியர்கள் கப்பலை வேறோர் ஆகாயத்தின் வழியே கணத்தில் தாவச் செய்து, இச்சிக்கலை ஒதுக்கிவிட்டார்கள். ஹால்டிமன் 1974-ல் வெளியிட்ட ‘தி ஃபாரெவர் வார்’ நாவலில் தாவலுக்கு நேரமே ஆவதில்லை. தாவும் இடத்தை நாடி ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் ஓடும் ஓட்டத்தில்தான் ஊரில் நூற்றாண்டுகள் கழிகின்றன. நீங்கள் கேட்ட இரண்டையும் கலக்காமல் கையாண்ட கதை அதுவே என்பது என் அபிப்பிராயம். முதலில் அதைப் படியுங்கள்.