மருந்தும் மனத்துணிவும்

2011 மார்ச் 20. சென்னை சேப்பாக்கம் விளையாட்டரங்கில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக ஆடிய யுவராஜ் சிங், களத்திலேயே வாந்தி எடுத்தார். வெயிலின் கொடுமை என்றே பலரும் எண்ணினர். அன்று அவர் 113 ஓட்டங்கள் குவித்தார். தொடர் முழுவதும் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் பெற்றுத் தொடரின் சிறந்த வீரராக வாகை சூடினார்.

உண்மையில் அவருடைய இரு நுரையீரல்களுக்கு இடையே புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருந்தது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். இவ்வகைக் கட்டிகளைக் குணப்படுத்தும் மருந்துமுறையை 1970களில் வகுத்தவர் அம்மருத்துவர். மூன்று சுற்றுக் கீமோதெரபியில் யுவராஜின் தலைமுடி உதிர்ந்தது, உடல் தளர்ந்தது. அந்நாள்களில் அவருக்குத் துணை நின்றது, மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்டிராங் எழுதிய நூல். ஆம்ஸ்டிராங்கும் 1996இல் அதே நகரில் சிகிச்சை பெற்றுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

2012 செப்டம்பர் 11 அன்று, அதே சேப்பாக்கத்தில் யுவராஜ் மீண்டும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். மறுமாதமே, ஊக்கமருந்து பயன்படுத்திய குற்றத்திற்காக ஆம்ஸ்டிராங்கின் ஏழு ‘டூர் டி பிரான்ஸ்’ பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவ்வாறாயின் யுவராஜ் பெற்ற ஊக்கமும் பொய்யோ? அன்று. பட்டங்கள் பொய்த்தன, பிணியிலிருந்து மீண்டது பொய்க்கவில்லை. பதரை நீக்கி நெல்லைக் கொள்வதே அறிவுடைமை.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. மனத்துணிவு மட்டுமே நோயைத் தீர்ப்பதில்லை. சிகிச்சையைத் தாங்கும் வலிமையை அது தருகிறது. நோயிலிருந்து மீளாதோர் துணிவில் குறைந்தவர் அல்லர். உடல் காட்டிய அறிகுறிகளைப் பொருட்படுத்தாது யுவராஜ் தொடர்ந்து ஆடியது போற்றத்தக்க வீரமாகத் தோன்றலாம். ஆனால் நாம் பின்பற்றத்தக்கதன்று. காலத்தே மருத்துவரை நாடுதலே நன்று. நம் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே 1981 முதல் வட்டாரப் புற்றுநோய் மையம் இயங்கி வருகிறது. அங்குச் சிகிச்சை பெறுவோருள் சிறுவரும் உளர். அவர்களுள் ஒருவர் முடியிழந்த தலையுடன் நம் வகுப்பிற்குத் திரும்பினால், விலகாது அருகில் அமர்தல் வேண்டும். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நூல் தரும் ஊக்கத்தினும் தோழமை தரும் ஊக்கம் பெரிது.

சொற்பொருள்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
பிணி – நோய்
பதர் – உள்ளீடற்ற நெல்

பிரித்து எழுதுக
1. அந்நாள்களில்
2. மனத்துணிவு

வினாக்கள்
1. சேப்பாக்கம் யுவராஜின் வாழ்வில் பெறும் சிறப்பு யாது?
2. ‘பதரை நீக்கி நெல்லைக் கொள்வது’ என்பது பாடத்தில் எதனைக் குறிக்கிறது?
3. நோயிலிருந்து மீளாதோர் துணிவில் குறைந்தவர் அல்லர் எனக் கூறக் காரணம் என்ன?
4. சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் தோழருக்கு எட்டு வரிகளில் கடிதம் எழுதுக.